ஒரு விநாழிகைக்கு ஒரு குண்டு: வெட்டாற்றங்கரைச் சண்டையும் எங்கள் துப்பாக்கி விதிகளும்

கும்பகோணம் மேலக்காவேரிப் பக்கத்தில் ஒரு வீட்டு மாடியில், ஞாயிறு பிற்பகல்களில் ஆறு பேர் கூடி, ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் மேசை ஆட்டம் ஒன்றை ஆடி வருகிறோம். மேசை என்பது பெயருக்குத்தான். ஆட்டம் நடப்பது சிமெண்டுத் தரையில், கோலப்பொடியால் வைத்த புள்ளிகளின் மேல். ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையே பத்து கஜம் என்பது கணக்கு. ஆட்டத்தை நடத்துபவன் நான். ‘நடத்துநர்’ என்று தமிழ்ப்படுத்திக்கொள்ளலாம் என்று ஒருநாள் சொல்லிவைத்தேன். அன்று முதல் எனக்குக் ‘கண்டக்டர்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. மற்ற ஐவரில் ஒருவர் மருந்துக்கடை வைத்திருப்பவர், குழுவில் மூத்தவர். ஒருவர் பள்ளியில் கணக்கு நடத்தும் டீச்சர். ஒருவன் கோயில் திருவிழாக்களுக்கு வேட்டுப் போடும் குடும்பத்துப் பையன். மற்ற இருவர் கல்லூரி மாணவர்கள்.

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொள்வது அந்த ஆட்டத்தில் வந்த ஒரே ஒரு சண்டையை. அதை நான்கு முறை, ஒவ்வொரு முறையும் வேறு துப்பாக்கி விதிகளோடு ஆடினோம். இடம், எதிரிகள், எங்கள் ஆட்கள் எதுவும் மாறவில்லை; விதி மட்டுமே மாறியது. ஒரே சண்டையைத் திரும்பத் திரும்ப ஆடும்போது எதிரி எங்கே நிற்பான் என்பது ஆடுபவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும் என்ற குறை இதில் உண்டு. இரண்டாம் முறையிலிருந்து காவலர் நிற்கும் இடத்தை நான் மாற்றி வைத்தேன் என்றாலும், அந்தக் குறை முழுவதும் நீங்கியதாகச் சொல்ல மாட்டேன்.

கதைக்களம் 1758ஆம் ஆண்டின் ஆடி மாதம். பிரெஞ்சுத் தளபதி லாலி காரைக்காலிலிருந்து புறப்பட்டு, நாகூர், கீழ்வேளூர், திருவாரூர் வழியாகத் தஞ்சாவூர் நோக்கிப் படையோடு வருகிறார். தஞ்சையில் ஆள்பவர் மராத்திய மன்னர் பிரதாப சிங். அவருடைய தளபதி மானோஜி. லாலியின் படைக்கு எப்போதும் குறைவாக இருந்தவை இரண்டு: சோறும் வெடிமருந்தும். ஆகஸ்ட் 3ஆம் தேதி நாகப்பட்டினத்துக்கு எதிரே கடலில் ஆங்கிலேய, பிரெஞ்சுக் கப்பற்படைகள் மோதிக்கொண்ட செய்தி முற்றுகைக் கூடாரத்தை எட்டிய சில நாட்களில் அவர் முற்றுகையைக் கைவிட்டுக் காரைக்காலுக்குத் திரும்பினார். வரலாறு இவ்வளவு. எங்கள் ஐந்து பாத்திரங்களும் இந்த வரலாற்றின் ஓரத்தில், வெட்டாற்றங்கரை நாணல் புதருக்குள் பதுங்கியிருக்கிறார்கள். வெடிமருந்து ஏற்றிய நான்கு மாட்டுவண்டிகள் இருட்டில் ஆற்றைக் கடக்கப்போகின்றன. காவலுக்கு இரண்டு ஐரோப்பியர், ஏழு சிப்பாய்கள். ஒன்பது பேரிடமும், கல் உரசிய பொறியில் மருந்து பற்றும் சக்கிமுக்கிக்கல் துப்பாக்கி. எங்கள் பக்கத்தில், கனலும் திரியால் மருந்தைப் பற்றவைக்கும் திரித் துப்பாக்கி இரண்டு, எங்கிருந்தோ கைப்பற்றிய சக்கிமுக்கிக்கல் துப்பாக்கி ஒன்று, வளைந்த எறிகட்டையான வளரி ஒன்று, ஒரு ஈட்டி.

முதல் முறை: குண்டு போய்ச் சேராத கதை

முதல் விதிகளை எழுதியவன் நான். எழுதிய காலத்தில் எனக்கு அவற்றின் மேல் அளவுகடந்த பெருமிதம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். குழலின் உள்விட்டம் முக்கால் அங்குலம். உள்ளே போகும் ஈயக்குண்டு அதைவிடச் சற்றுச் சிறியது. ஆகவே குண்டு குழலுக்குள் இடித்து இடித்து வெளியேறி எந்தத் திசைக்கும் சற்றே விலகும். இதையெல்லாம் படித்து வைத்திருந்தேன், படித்ததை வீணாக்க மனம் வரவில்லை. ஒரு முறை சுட்டால் முதலில் தூரத்துக்குக் கழிவு, சுடுபவன் அசைந்தால் கழிவு, இலக்கு அசைந்தால் கழிவு, வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் கழிவு. பிறகு நூறுக்குள் ஒரு பகடை. பட்டால் உடலில் எந்த இடம் என்று இருபது வரி அட்டவணை. துணியையும் தோலையும் தாண்டியதா என்று இன்னொன்று. எலும்பா சதையா என்று மற்றொன்று. கடைசியில் இரத்தப் போக்கு.

பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கினோம். இரு தரப்பும் சேர்ந்து பன்னிரண்டு குண்டுகள் சுட்ட முதல் சுற்று முடியவே முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. இரண்டாம் சுற்றில் மாணவர்களில் ஒருவன் தன் முறை முடிந்ததும் எழுந்து கீழே போனான். திரும்பி வந்து நின்றபடியே கேட்டான்: “கண்டக்டர் அண்ணே, நான் சுட்டுட்டு, தெருமுனைக்குப் போயி டீ குடிச்சிட்டே வந்துட்டேன். என் குண்டு இன்னும் போய்ச் சேரலியா?” ஐந்தே முக்காலுக்கு நிறுத்தினோம். கதைக்குள் கடந்திருந்த நேரம் இரண்டு நிமிடம்கூட இல்லை.

ஆனால் நேரம் அதில் சிறிய குற்றம். ஒரு சிப்பாய்க்கு இடது கெண்டைக்காலில் சதைக்காயம் என்று அட்டவணை சொன்னது. வலது முழங்கை என்று சொல்லியிருந்தாலும் அடுத்து நாங்கள் செய்யப்போவதில் எதுவும் மாறியிருக்காது. அதே சமயம், ஒருமுறை சுட்ட துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு இருட்டில் நிற்பவனுக்கு எது மிகப் பெரிய கவலையோ, மருந்தையும் குண்டையும் குழலுக்குள் இட்டு மறுபடி கெட்டிக்கும் அந்த வேலை, என் விதியில் ‘மூன்று முறை காத்திரு’ என்ற ஒரே வரியாகக் கிடந்தது. திரிக்காரன் தன் முறை வரும்போதெல்லாம் “கெட்டிக்கிறேன்” என்றான். மூன்று தடவை சொன்னான். அவன் அந்த மாலையில் ஆடிய ஆட்டம் அவ்வளவுதான்.

இந்தச் சிக்கல் எங்கள் மாடியில் பிறந்ததும் அல்ல, மேசை ஆட்டங்களுக்குப் புதிதும் அல்ல. 1824இல் பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் உருவாக்கிய கிரீக்ஸ்ஷ்பீல் என்னும் போர் ஆட்டம், தன் சேத அட்டவணைகளுக்குப் பிரஷ்யத் தளபதி ஷார்ன்ஹோர்ஸ்ட் நடத்திய துப்பாக்கிச் சோதனைகளின் கணக்கைப் பயன்படுத்தியது. அரை நூற்றாண்டு கழிந்தபின், அட்டவணைகளைப் புரட்டுவதிலேயே பொழுது போகிறது என்ற சலிப்பில், 1876இல் வெர்டி து வெர்னுவா அவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு, அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பே போதும் என்றார். இன்றைய பாத்திர ஆட்டங்களிலும் இதே ஊஞ்சல் ஆடிக்கொண்டிருக்கிறது. 1986இல் வந்த பீனிக்ஸ் கமாண்ட் என்ற ஆட்டம் துப்பாக்கிக் குண்டு உடலுக்குள் செல்லும் வழியை அட்டவணை அட்டவணையாகப் பிரித்தது. அதற்கு நேர் எதிராக ஒரே பகடையில் கணக்கை முடிக்கும் ஆட்டங்களும் வந்துகொண்டே இருக்கின்றன.

வெர்டியின் வழியை நாங்களும் யோசித்தோம். அது எங்களுக்குப் பொருந்தாது என்று முதலில் சொன்னவர் மருந்துக்கடைக்காரர்தான். படையில் நடுவராக இருப்பவர் மேலதிகாரி. அவர் சொன்னால் சொன்னதுதான். இங்கே நான் என் வாயால் “உங்கள் ஆள் செத்துவிட்டான்” என்று சொன்னால், அடுத்த ஞாயிறு யார் படியேறி வருவார்கள்? பகடை சொன்னால் பழி பகடைக்குப் போகும். நண்பர்களுக்கு நடுவே பகடைக்கு உள்ள முதல் பயன் அதுவே என்று நினைக்கிறேன். கணக்குச் சொல்வது இரண்டாவது பயன்.

ஷார்ன்ஹோர்ஸ்ட் காலத்துச் சோதனைகளைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவை ஒரு படைப்பிரிவின் அகலத்துக்குத் திரை கட்டி, அதை நோக்கி வரிசையாகச் சுட்டு எடுத்த கணக்குகள். நாணல் புதருக்குள்ளிருந்து ஒருவன் இன்னொருவனைக் குறிபார்ப்பதற்கு அவை பொருந்தமாட்டா. நான் முதல் விதிகளில் அந்த வகைக் கணக்குகளைத்தான் தெரியாமல் எடுத்து ஒட்டியிருந்தேன். ஆக, இரண்டே முக்கால் மணி நேரம் செலவழித்து நாங்கள் அடைந்தது உண்மைத்தன்மைகூட அல்ல.

இரண்டாம் முறை: சத்தம் போடும் வில்

சலிப்பில் மறுமுனைக்கு ஓடினோம். உலகில் மிகப் பரவலாக ஆடப்படும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பில், 2014ஆம் ஆண்டு நடத்துநர் கையேட்டில், நீளத் துப்பாக்கிக்கு உள்ள விதியை அப்படியே எடுத்துக்கொண்டோம்: இருபது முகப் பகடையால் குறி, பட்டால் பன்னிரு முகப் பகடை காட்டும் எண்ணை எதிரி எவ்வளவு அடி தாங்குவான் என்று காட்டும் உயிர்ப்புள்ளியிலிருந்து கழித்தல், ஒருவருக்கு ஆட வரும் ஒரு முறைக்கு ஒரு குண்டு.

இருபத்தைந்து நிமிடத்தில் சண்டை முடிந்தது. எல்லோரும் சிரித்துக்கொண்டே எழுந்தார்கள். வேட்டுப் போடும் வீட்டுப் பையன் மட்டும் எழாமல் உட்கார்ந்திருந்தான். அந்த ஆட்டத்தில் ஒரு முறை என்பது ஆறு வினாடி. அப்படியானால் நிமிடத்துக்குப் பத்து குண்டு; நன்றாகப் பழகிய சிப்பாயே சக்கிமுக்கிக்கல் துப்பாக்கியில் நிமிடத்துக்கு மூன்றுதான் சுடுவான். “ஆத்துல எறங்கி நனைஞ்ச ஆளு, திரிய வச்சுக்கிட்டு, ஆறு செகண்டுக்கு ஒரு வேட்டா? எங்கப்பா கேட்டா சிரிப்பாரு அண்ணே” என்றான். அவன் குறை சொன்னது எண்ணிக்கையை மட்டும் அல்ல. திருவிழாவில் அதிர்வேட்டுக் குழலுக்குள் மருந்தைப் போட்டு, மேலே செங்கல் தூளை வைத்துக் கோலால் இடிப்பதைச் சிறுவயது முதல் பார்த்து வளர்ந்தவன் அவன். இடிக்கும்போது யாரும் பேசமாட்டார்கள் என்றான். திரி பிடித்திருப்பவர் பத்தடி தள்ளியே நிற்பார். மழை தூறினால் முதலில் மூடுவது மருந்தைத்தான், ஆளை அல்ல. எங்கள் சண்டையில் இதில் ஒன்றாவது இருந்ததா என்று கேட்டான்.

இல்லை. ஆறும் மழையும் திரியின் கனலும் யார் நினைவிலும் இல்லை. துப்பாக்கி என்பது கொஞ்சம் சத்தம் போடும் வில்லாக ஆகியிருந்தது. முப்பது உயிர்ப்புள்ளி உள்ள ஒருவனைக் கீழே சாய்க்கச் சராசரியாக ஐந்து குண்டுகள் தேவைப்பட்டன. கட்டைவிரல் பருமன் ஈயக்குண்டை நான்கு முறை வாங்கிக்கொண்டும் ஒருவன் நின்று வசனம் பேசினான். இது எளிமைதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த எளிமைக்கு 1758 என்ற ஆண்டு எதற்கு, வெட்டாறு எதற்கு?

விநாழிகை

மூன்றாம் விதிகளின் பிறப்புக்கு டீச்சர் காரணம். அவர் கேட்ட கேள்வி சாதாரணமானது: ஒரு ‘முறை’ எவ்வளவு நேரம் என்பதை யார் தீர்மானித்தது? டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் வந்தபோது சண்டையின் ஒரு முறை ஒரு நிமிடமாக இருந்தது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் அது ஆறு வினாடி ஆயிற்று. 1986இல் வந்த கர்ப்ஸ் என்ற ஆட்டத்தில் ஒரு முறை ஒரே வினாடி. ஆக, அது அளந்து கண்ட உண்மை அல்ல, ஆட்டத்தை அமைப்பவர் தேர்ந்தெடுத்த அளவு. வாள்வீச்சை அளப்பதற்காக வெட்டிய அளவுகோலில் துப்பாக்கியை வைத்து அளந்தால், துப்பாக்கிக்காரன் சும்மா நிற்கத்தான் வேண்டியிருக்கும்.

அந்த நேரத்தில் மருந்துக்கடைக்காரர் பஞ்சாங்கக் கணக்கை எடுத்துவிட்டார். ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஒரு நாழிகைக்கு 60 விநாழிகை. நாழிகை 24 நிமிடம், ஆகவே விநாழிகை 24 வினாடி. பழகிய கை ஒரு சக்கிமுக்கிக்கல் துப்பாக்கியைக் கெட்டித்துச் சுட ஏறக்குறைய இருபது வினாடி ஆகும். இருட்டு, பயம், நடுங்கும் விரல் எல்லாம் சேர்த்தால் இருபத்துநான்கு என்பதில் யாருக்கும் மனக்குறை இருக்காது. திரித் துப்பாக்கிக்கு இன்னொரு மடங்கு, அதாவது இரண்டு விநாழிகை.

அன்றைக்கு நாங்கள் ஆட்டத்தின் முறையை விநாழிகையாக மாற்றினோம். இது பெயர் மாற்றம் மட்டும் அல்ல என்பது கோலப்புள்ளிகளின் மேல் ஆளை நகர்த்திய உடனே தெரிந்தது. ஒரு விநாழிகையில், அசையாமல் நின்றால், சுட்டுவிட்டு மறுபடி கெட்டித்துவிடலாம். நகர்ந்தால் கெட்டிக்க முடியாது. அதே விநாழிகையில் ஒருவன் காய்ந்த தரையில் நூறு கஜம் ஓடிவிடுவான். டெல்டாவின் உழுத வயலில், முழங்கால் அளவு களிமண் சேற்றில், முப்பது கஜம் வந்தால் அதிகம். தனியாளைக் குறிபார்த்து அடிக்க இந்தத் துப்பாக்கிகளுக்கு உள்ள பயனான தூரம் எண்பது, நூறு கஜத்துக்கு மேல் போகாது.

இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சண்டை தானாகவே உருவாகிறது. எதிரி ஒன்பது புள்ளி தள்ளி நிற்கிறான். வரப்பின் மேல் ஓடிவந்தால், நீங்கள் ஒரே குண்டு சுடலாம். அதன்பின் அவன் உங்கள் கழுத்தருகே இருப்பான். ஆனால் வரப்பில் ஒருவர் பின் ஒருவராகத்தான் வர முடியும், ஆகவே முதல் ஆள் விழுந்தால் பின்னால் வருபவன் தடுமாறுவான். அவர்கள் பரவி வயலில் இறங்கி வந்தால் உங்களுக்கு மூன்று குண்டுக்கு நேரம் உண்டு. ஆனால் இலக்கு பல. எது வந்தாலும் கெட்டிப்பதா, துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு ஈட்டியை எடுப்பதா என்று ஒவ்வொரு விநாழிகையிலும் ஒருவன் முடிவெடுத்தாக வேண்டும். “கெட்டிக்கிறேன்” என்ற சொல் சலிப்பான சொல்லாக இருந்தது போய், வாயில் வரும்போதே தொண்டை வறளும் சொல்லாக ஆனது. இத்தனைக்கும் நாங்கள் புதிதாக ஓர் அட்டவணைகூட எழுதவில்லை. காலத்தின் அளவை மாற்றினோம், அவ்வளவுதான்.

வளரிக்காரியும் இதில் நஷ்டப்படவில்லை. ஒரு விநாழிகைக்குள் அவள் இரண்டு எறியலாம், எறிந்தபின் ஓடவும் செய்யலாம்.

சுடுவதற்கு இரண்டு ஆறுமுகப் பகடைகளை ஒன்றாக எறிகிறோம். ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. வெள்ளை குறியைச் சொல்லும்: இருபது கஜத்துக்குள் 2 அல்லது அதற்கு மேல் விழுந்தால் படும், ஐம்பதுக்குள் 4 அல்லது அதற்கு மேல், நூறுக்குள் 6 மட்டும். கறுப்பு மருந்தைச் சொல்லும்: 1 விழுந்தால் பற்றவில்லை. அதாவது ஆறில் ஒன்று. காய்ந்த நாளிலும் சக்கிமுக்கிக்கல் துப்பாக்கி ஏழு முறைக்கு ஒரு முறையாவது ஏமாற்றும் என்பார்கள், அதற்கு இது அருகில் வருகிறது. குண்டு பட்டிருந்தால் அதே கறுப்புப் பகடையே காயத்தையும் சொல்லிவிடும்: 2, 3 என்றால் உரசல், 4, 5 என்றால் ஆள் சாய்ந்தான், 6 என்றால் உயிர் போயிற்று. ஒரே எறிதலில் மூன்று விடை. ஐம்பது கஜத்தில் ஒருவனைக் கீழே சாய்க்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. நூறு கஜத்தில் பன்னிரண்டில் ஒன்று. வெடித்த இடத்தில் ஓர் இலவம்பஞ்சுத் துணுக்கை வைப்போம். அது கறுப்பு மருந்தின் புகை. அதன் ஊடாகச் சுடுபவனுக்குத் தூரம் ஒரு படி கூடும். காற்றுக்கு விதி கிடையாது. நான் பஞ்சை வாயால் ஊதினால் காற்று அடித்ததாகப் பொருள்.

உயிர்ப்புள்ளி இல்லாத ஆட்டத்தில் ஆறில் ஒரு குண்டுக்குச் சாவு என்றால், மாதக்கணக்கில் வளர்த்த பாத்திரம் முதல் வேட்டிலேயே போய்விடும் என்று மாணவர்கள் முறையிட்டார்கள். அதற்குப் பதில் தமிழிலேயே தயாராக இருந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்போம் அல்லவா? ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு ஞாயிற்றுக்கு ஒரு தலைப்பாகை. சாவு வரும்போது அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு உயிர் தப்பலாம். ஆனால் தலைப்பாகையோடு வேறொன்றும் போக வேண்டும், துப்பாக்கியோ, படகோ, தேடி வந்த ஓலையோ. எது என்று எதிரே உட்கார்ந்திருப்பவர் சொல்வார்.

மூன்றாம் முறையில் வெளிப்பட்ட பிழை

இந்த விதிகளோடு மூன்றாம் முறை ஆடியபோது ஐம்பது நிமிடம் ஆயிற்று. நன்றாகவே போயிற்று, மழை வரும் வரை. மழைக்கும் திரிக்கும் நான் எழுதியிருந்த விதி இது: திரித் துப்பாக்கிக்குக் கறுப்பில் 1, 2 இரண்டுமே பற்றாதவை, மழை பெய்தால் எல்லாத் துப்பாக்கிக்கும் 1, 2, 3 மூன்றும் பற்றாதவை. படிக்க நியாயமாகத்தான் இருக்கிறது. மழையில் பையன் நான்கு முறை சுட்டான். இரண்டு பற்றவில்லை, இரண்டு பட்டன, பட்ட இருவரும் சாய்ந்தார்கள். டீச்சர் பகடையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

பிறகு விளக்கினார். ஆளைச் சாய்ப்பது கறுப்பில் 4, 5, 6. மழை விழுங்கிக்கொள்வது 1, 2, 3. அதாவது மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் ஒருவனைச் சாய்க்கும் வாய்ப்பு அதேதான். மழையால் இல்லாமல் போவது உரசல் மட்டும். இன்னும் சொன்னால், மழையில் பற்றிய குண்டு பட்டவன் ஒருவன்கூட நின்றபடி தப்ப முடியாது. திரித் துப்பாக்கியின் கதையும் இதேதான்: பற்றினால், சக்கிமுக்கிக்கல்லைவிட அதுவே கொடியது. “ஒரே பகடையில ரெண்டு வேலை வாங்குனீங்க சார், ரெண்டும் ஒன்னை ஒன்னு தின்னுடுச்சு” என்றார்.

எளிய விதியின் ஆபத்து இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. கனமான விதியில் பிழை இருந்தால் அது எட்டு எறிதல்களுக்குள் எங்கோ கரைந்துவிடும். இரண்டே பகடை உள்ள விதியில் ஒரு சிறு திருத்தமும் நேராகப் போய் மையத்தில் மோதும். நாங்கள் முதலில் மூன்றாவது பகடை ஒன்றைச் சேர்க்கலாம் என்று நினைத்தோம். அது மறுபடி முதல் முறையின் பாதை. அதற்குப் பதிலாக மழையையும் திரியையும் பகடையிலிருந்தே வெளியே எடுத்துவிட்டோம்.

மழை புளியங்கொட்டைக்குப் போயிற்று. எங்கள் பக்கத்து வீடுகளில் தாயம் ஆடப் புளியங்கொட்டையை ஒரு பக்கம் தரையில் தேய்த்து வெள்ளையாக்கி வைத்திருப்பார்கள். ஒவ்வொரு துப்பாக்கிக்காரனுக்கும் ஒரு பித்தளைத் தம்ளரில் அப்படித் தேய்த்த கொட்டை பன்னிரண்டு. ஒரு கொட்டை ஒரு வேட்டுக்கான மருந்து. சுட்டால் ஒன்று வெளியே வரும். ஆற்றில் இறங்கினாலோ மழை பிடித்தாலோ தம்ளரைத் தரையில் கவிழ்க்க வேண்டும். வெள்ளை மேலே பார்த்துக் கிடப்பவை நமுத்துப்போனவை, அவற்றை எடுத்து ஓரமாக வைத்துவிட வேண்டும். கொட்டை சரிபாதியாக விழும் என்று சொல்ல முடியாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. யார் வீட்டு மருந்தும் ஒரே சீராக நமுத்துப்போவதில்லை என்பதால் இதை நான் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

திரித் துப்பாக்கிக்குத் தனி எண்ணே வேண்டாம் என்று முடிவாயிற்று. அதன் வேறுபாடு இரண்டு: கெட்டிக்க இரண்டு விநாழிகை ஆகும்; திரி கனன்றுகொண்டே இருக்க வேண்டும், இருட்டில் அந்தக் கனல் எதிரிக்குத் தெரியும். ஆகவே திரிக்காரன் தன் முறையில் “திரி வெளியே” அல்லது “திரி உள்ளே” என்று சொல்ல வேண்டும். உள்ளே இருந்தால் அவன் கண்ணில் படமாட்டான், ஆனால் அந்த விநாழிகையில் சுடவும் முடியாது. பீங்கான் மூடி ஒன்றைக் கவிழ்த்தும் நிமிர்த்தியும் இதைக் காட்டுகிறோம்.

நான்காம் முறை

நான்காம் முறை ஆடியது நாற்பது நிமிடம். திரிக்காரர்கள் இருவரும் தொடக்கத்திலிருந்தே மூடியைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். முதல் வண்டி ஆற்றில் இறங்கி ஏறியது. இரண்டாவதும் ஏறியது. யாரும் சுடவில்லை. மருந்துக்கடைக்காரர் நீர்மட்டத்தோடு மறுகரைக்குப் போக வேண்டும் என்றார். போனால் தம்ளரைக் கவிழ்க்க வேண்டும் என்று நினைவூட்டினேன். தம்ளரின் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, அதைப் பார்த்தபடியே கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு கவிழ்த்தார். ஏழு வெள்ளை. “அஞ்சு” என்று மட்டும் சொன்னார்.

மறுகரையில் அவர் எதிரியைச் சுடவில்லை. கடைசி வண்டி நடு ஆற்றில் இருந்தபோது, நுகத்தடிக் கயிற்றை அறுக்க வளரிக்காரியை அனுப்பிவிட்டு, காவலர்களின் கவனத்தைத் திருப்புவதற்காகப் பையன் ஒருமுறை மூடியை நிமிர்த்தி, திரியைக் காட்டி, வானத்தைப் பார்த்துச் சுட்டான். கறுப்பில் 1. பற்றவில்லை. ஆனால் கனலைப் பார்த்த ஏழு சிப்பாய்களும் அந்தத் திசையில் சுட்டுவிட்டார்கள், ஏழு பஞ்சுத் துணுக்குகள் கரையை மூடின, அடுத்த விநாழிகை முழுவதும் அவர்கள் கெட்டித்துக்கொண்டிருந்தார்கள். மாடு அவிழ்ந்து கரையேற, வண்டி ஆற்றில் சாய்ந்தது. லாலியின் மருந்து ஒரு வண்டி நமுத்துப்போயிற்று. எங்கள் தரப்பில் சாவு இல்லை. பையனின் தலைப்பாகை மட்டும் போயிற்று, அதோடு அவன் துப்பாக்கியும். அதைக் கேட்டு வாங்கியவர் டீச்சர்.

பீரங்கிக்கு எங்களிடம் இன்னும் விதி இல்லை. லாலியின் முற்றுகைக்குள் கதை நுழைந்துவிட்டால் அது இல்லாமல் முடியாது. தஞ்சாவூர்ப் பீரங்கி மேட்டில் இன்றும் கிடக்கும் நாயக்கர் காலத்து இரும்புப் பீரங்கியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த மாணவர்கள், அதைக் கெட்டிக்க எத்தனை விநாழிகை ஆகும் என்று கேட்கிறார்கள். அவ்வளவு பெரிய பொருளுக்கு விநாழிகை தவறான அளவு என்றும் நாழிகைக் கணக்கில்தான் அதை ஆட வேண்டும் என்றும் நான் சந்தேகிக்கிறேன், டீச்சர் ஒப்புக்கொள்ளவில்லை. வரிசையாகச் சுடும் படைப்பிரிவுக்கும் இரண்டு பகடை விதி சரிவரவில்லை: முப்பது சிப்பாய்க்கு முப்பது முறை எறிய யாருக்கும் பொறுமை இல்லை. ஷார்ன்ஹோர்ஸ்ட் காலத்துத் திரைக் கணக்கு ஒருவேளை அங்கேதான் பயன்படும்.

மருந்துக்கடைக்காரரின் தம்ளர் அலமாரியில் இருக்கிறது, ஐந்து கொட்டையோடு. வீட்டில் யாரோ எடுத்துக் கழுவி வைத்துவிடக்கூடாது என்று மேலே ஒரு தட்டைக் கவிழ்த்துச் சீட்டு ஒட்டியிருக்கிறார். வருகிற ஞாயிறு அந்த ஐந்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.